காளவாசல் காப்பிக்கடையும் என் மூக்கும்

என் தம்பி செல்வராஜின் வலது கண்ணுக்காக நாங்கள் இருவரும் இலங்கை மலைநாட்டு ஹட்டனிலிருந்து மதுரைக்குப் போனோம். அவன் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வேன் ஓட்டுகிறவன். ஆறு மாதமாக எதிரே வரும் வண்டியின் விளக்கு அவனுக்கு இரண்டாகத் தெரிந்தது. வேன் சாவியை மச்சானிடம் கொடுத்து, கண் சரியானால்தான் திரும்பக் கேட்பேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். கல்யாணமாகாத ஒரே அக்கா நான். துணைக்குப் போக என்னைவிட்டால் ஆளில்லை.

நான் முப்பது வருடம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் ருசி பார்க்கும் அறையில் வேலை செய்தவள். வரிசையாக வைத்த கோப்பைகளில் ஒவ்வொரு வாய் உறிஞ்சி, நாக்கில் சுழற்றித் துப்பிவிட்டு, இது அடுப்பில் கொஞ்சம் கருகியது, இது நனைந்த சாக்கில் கிடந்தது என்று சொல்ல வேண்டும். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்: என் மூக்கு தப்புவதில்லை.

காளவாசலில் ஒரு சந்துக்குள் அறை. சந்து முனையில் ஒரு காப்பிக்கடை. முதல் நாள் காலை ஆறு மணிக்கு அங்கே போய் நின்றோம். எங்கள் ஊரில் டீக்கடை என்றால் உட்கார்ந்து, பணிஸ் என்கிற பன்னைப் பிய்த்து, அரை மணி நேரம் ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் எழுந்திருப்போம். மதுரையில் நின்றுகொண்டே, நாக்கு பொத்துப்போகிற சூட்டில் குடித்துவிட்டு, மூன்று நிமிடத்தில் போய்விடுகிறார்கள்.

கல்லாவில் மோகன்ராம் என்பவர் இருந்தார். ஐம்பது வயது, வாயில் ஓயாமல் பாக்கு. காப்பி போட்டது அவர் மனைவி கீதா. செல்வராஜ் தம்ளரை எடுக்கக் நீட்டிய கை ஒரு விரற்கடை தள்ளிப்போனது. கீதா அதைப் பார்த்துவிட்டார். காப்பியை டபராவிலிருந்து ஆற்றி, கைப்பிடி வைத்த கோப்பையில் ஊற்றி, அவன் விரல்களுக்கு நடுவிலேயே கொண்டுவந்து வைத்தார்.

"சூடா இருக்கும்ணே, மெதுவா" என்றார். அதற்கு மேல் கேள்வி இல்லை, பரிதாபம் இல்லை. விலை உயர்ந்த ஓட்டல்களில்கூட இந்தக் கவனிப்பை நான் கண்டதில்லை.

காப்பியை வாயில் வைத்தேன். டிகாஷன் முதல்தரம். கசப்பும் மணமும் சரியான இடத்தில் நின்றன. ஆனால் விழுங்கிய பிறகு, தொண்டைக்குப் பின்னால் ஏதோ ஒன்று எழுந்து வந்தது. நேற்று நறுக்கி மூடி வைத்த காய்கறிப் பாத்திரத்தைத் திறந்தது போன்ற வாடை.

செல்வராஜ் சிங்களத்தில் கேட்டான். நாங்கள் இருவரும் வெளியிடங்களில் ரகசியம் பேசினால் சிங்களம்தான். "அக்கா, இது எனக்கு மட்டும்தான் இப்படி இருக்கிறதா?"

"இல்லை. பாலில் ஏதோ குறை. காட்டிக்கொள்ளாமல் குடி" என்றேன் நானும் சிங்களத்தில்.

சுற்றிலும் பார்த்தேன். பலகையின் மேல் நாலைந்து தம்ளர்களில் பாதிக் காப்பி மிச்சமிருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் முடிந்து, கண்புரைதான், பிற்பகலிலேயே அறுவைச் சிகிச்சை என்றார்கள். அப்போதுதான் தெரிந்தது, அவனுடைய சர்க்கரைப் பரிசோதனைத் தாளை அறையிலேயே விட்டுவிட்டோம். அது இல்லாமல் முடியாது என்றார் நர்ஸ். ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று ஓடிப்போய் பஸ் ஏறினேன்.

பஸ் நன்றாக ஓடியது. ஜன்னலோரம் கிடைத்தது. இருபது நிமிடம் கழித்து நடத்துநரிடம் காளவாசல் இன்னும் வரவில்லையா என்று கேட்டேன்.

"யக்கா, இது மாட்டுத்தாவணி போற வண்டி. நீங்க எதுத்தாப்ல நின்னு ஏறியிருக்கணும்" என்றார் அவர். "டிக்கெட் கேக்கும்போது காளவாசல்னு சொல்லியிருந்தா அங்கனயே எறக்கி விட்டுருப்பேன்ல. நீங்க கடைசி ஸ்டாப்புன்னு சொன்னீங்க."

சொன்னேன்தான், காளவாசல்தான் கடைசி என்று நினைத்து. எங்கள் நாட்டிலும் வண்டி இடப்பக்கம்தான் ஓடுகிறது. சாக்குச் சொல்ல வழியில்லை.

மாட்டுத்தாவணியில் இறங்கி ஆட்டோ தேடி நடந்தேன். பூ மார்க்கெட் பக்கம் மல்லிகை மணம் ஆளை நிறுத்தியது. அதைத் தாண்டி, காய்கறி லாரிகள் நிற்கும் இடத்துக்கு வந்ததும் இன்னொரு வாடை முகத்தில் அடித்தது. வெயிலில் குவிந்து கிடந்த காலிஃபிளவர் இலைகள். பக்கத்தில் வெங்காயத் தாள். அவசரத்தில் போய்க்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நேற்றுக் காலை என் தொண்டைக்குப் பின்னால் எழுந்து வந்தது இதுதான்.

ஒருவர் அந்த இலைகளைச் சாக்கில் திணித்து மொபெட்டில் கட்டிக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன்.

"மாட்டுக்குத்தாக்கா. வைக்கோல் கிடைக்க மாட்டேங்குது. இதக் கண்டா மாடு விடாது" என்றார்.

ஆட்டோ பிடித்து அறைக்குப் போய், தாளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது டாக்டர் அன்றைய சிகிச்சைகளை முடித்திருந்தார். நாளைக்கு வாருங்கள் என்றார்கள். காலையிலிருந்து சொட்டு மருந்து போட்டு, மனதையும் தயார் செய்து உட்கார்ந்திருந்தவன் செல்வராஜ். நடந்ததை எல்லாம் சொன்னேன். கோபித்திருந்தால் தேவலை. அவன் சிரித்தான்.

"நீ காலிஃபிளவர மோந்துகிட்டு நின்ன. நான் இங்க ஒரு கண்ண மூடிக்கிட்டு நின்னேன்" என்றான்.

அது எனக்கு நன்றாகவே வலித்தது. சாயங்காலம் அவனுக்கு ஒரு தம்ளர் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தேன். சுக்கும் கருப்பட்டியும் சேர்ந்து தொண்டைக்கு இதமாக இருந்தது. சமாதானமாகிவிட்டதாகச் சொன்னான். நான் ஆகவில்லை.

திரும்பும் வழியில் காப்பிக்கடையில் சத்தம். பக்கத்துத் தெருப் பள்ளியில் கணக்கு எடுக்கும் வாத்தியார் ஒருவர் தம்ளரைப் பலகையில் வைத்துவிட்டு மோகன்ராமிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"பத்து வருசமா இங்கதான் குடிக்கிறேன். ஒரு மாசமா பாத்துக்கிட்டே இருக்கேன், நாளைக்குச் சரியாகும் நாளைக்குச் சரியாகும்னு. முடியல. இனிமே எதுத்தாப்ல போயிக்கிறேன், கோவிச்சுக்காதீங்க."

எதிரே புதிதாக ஒரு கடை வந்திருந்தது. பாக்கெட் பாலும் பளபளக்கும் மெஷினும். வாத்தியார் அந்தப் பக்கமாகவே சாலையைக் கடந்தார்.

மோகன்ராம் மனைவியின் பக்கம் திரும்பித் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். தமிழ் இல்லை. அவர்கள் வீட்டு மொழி சௌராஷ்டிரம். கீதா டிகாஷன் பாத்திரத்தை மூடிவிட்டு உள்ளே போனார். நான் செல்வராஜை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அவர் பின்னாலேயே போனேன். அழைக்காத இடத்துக்குள் போவது எனக்குப் பழக்கமில்லை. அன்றைக்குப் போனேன்.

"அவர் என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

கீதா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னும் நாலு நாள்ல நீ கல்லாவுல ஒக்காரு, நான் வேற மாஸ்டர் பேசிட்டேன்னு சொல்றாரு. பதினெட்டு வருசம் நான் நின்ன அடுப்பு இது, அக்கா." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு, "அவரு மேல தப்பில்ல. எட்டு மாசத்துக்கு முந்தி ஒரு காய்ச்சல் வந்துச்சு. அதுலருந்து எனக்கு வாசனையே தெரியல. கசப்பு தெரியும், இனிப்பு தெரியும். வாடை ஒண்ணும் தெரியாது. மல்லியப் பூ கிட்ட மூக்க வச்சாலும் தண்ணிய மோந்த மாதிரிதான். வெளிய யாருக்கும் சொல்லல" என்றார்.

மூக்கை நம்பியே முப்பது வருடம் சோறு தின்றவள் நான். நாங்களும் அவர் காப்பியைப் பற்றி அவர் முன்னாலேயே வேறு மொழியில் பேசினோம் என்று சொன்னேன்.

"தெரியும்க்கா. மொத வாயி குடிச்ச மூஞ்சியப் பாத்தாலே தெரியும். இப்ப எனக்கு மூஞ்சிதான் மூக்கு" என்றார் கீதா.

"மூக்கு போய் எட்டு மாதம். வாத்தியார் ஒரு மாதமாகத்தான் குறை சொல்கிறார். நடுவில் ஏழு மாதம் நீங்கள் வாசனை தெரியாமல்தானே காப்பி போட்டீர்கள்? அப்போது யாராவது பாதியில் வைத்துவிட்டுப் போனார்களா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். அந்தக் கணக்கை அவர் போட்டுப் பார்த்திருக்கவில்லை.

டிகாஷன் தனியாக, காய்ச்சிய பால் தனியாக, வெந்நீர் தனியாக மூன்று தம்ளர்களில் கேட்டேன். எங்கள் தொழிற்சாலையில் செய்வதைப்போலச் சத்தமாக உறிஞ்சி, சுழற்றி, வாசலோரச் சாக்கடையில் துப்பினேன். நின்று குடித்துக்கொண்டிருந்தவர்கள் தம்ளரை இறக்கிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். தண்ணீரில் குறையில்லை. டிகாஷனில் ஒரு குறையும் இல்லை. பாலில் காலிஃபிளவர் இலை அப்படியே இருந்தது.

மோகன்ராமுக்குக் கோபம் வந்தது. "லாக்டோமீட்டர் போட்டுத்தாம்மா பால் வாங்குறேன். சமயநல்லூர் பாண்டி ஒரு சொட்டுத் தண்ணி கலக்க மாட்டாரு."

"பால் சுத்தமானதுதான். மாடு எதைத் தின்றதோ அது பாலில் வருகிறது. காய்ச்சினால் கூடும். நீங்கள் பாக்கைத் துப்பிவிட்டு, வாய் கொப்பளித்து, ஒரு வாய் குடித்துப் பாருங்கள்."

அவர் குடித்துப் பார்க்கவில்லை. எங்கிருந்தோ வந்த பொம்பளை தன் கடையில் நின்று எச்சில் துப்பியதையே அவர் இன்னும் செரித்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் செல்வராஜுக்குச் சிகிச்சை நடந்தது. நான் அந்த நீளமான கூடத்தில் உட்கார்ந்து, உள்ளே போகிறவர்களையும் கட்டுப் போட்டு வெளியே வருகிறவர்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் இருந்த அம்மா டிபன் டப்பாவைத் திறந்து பணியாரம் கொடுத்தார். பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. "தின்னுங்க, வெறும் வயித்தோட சாமி கும்பிட்டா சாமிக்கே பாவமா இருக்கும்" என்றார். இரண்டு தின்றேன்.

நான்காம் நாள் காலை கட்டைப் பிரித்தார்கள். செல்வராஜ் சுவரில் இருந்த எழுத்துகளைக் கடைசி வரி வரைக்கும் வாசித்தான். டாக்டர் தலையாட்டினார். ஆட்டோவில் வரும்போது ஆஸ்பத்திரி வாசலிலிருந்து காளவாசல் வரைக்கும் ஒரு கடைப் பலகை விடாமல் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தான். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "அண்ணே, இன்னும் கொஞ்சம் சுத்திப் போகட்டுமா?" என்று கேட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தாளை மறந்த பாரம் அப்போதுதான் இறங்கியது.

அவனைப் படுக்க வைத்துவிட்டு மதியம் காப்பிக்கடைக்குப் போனேன். கீதா அடுப்பை அணைத்துவிட்டுச் சேலையை மாற்றி, பால்காரரைப் பார்க்கப் போகத் தயாராக நின்றார். புது மாஸ்டர் நாளை மறுநாள் வருவதாக ஏற்பாடு. மோகன்ராம் தலை நிமிராமல், "போயிட்டு வாங்க. ஒண்ணும் ஆகப்போறதில்ல" என்றார்.

நானும் கீதாவும் பஸ்ஸில் சமயநல்லூர் போனோம். நகரம் சட்டென்று முடிந்து, வயலும் தென்னந்தோப்பும் ரயில் பாதையும் வந்தன. மலையிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இந்தச் சமவெளி விசித்திரம். எங்கள் பக்கம் பத்தடிக்கு ஒரு திருப்பம். இங்கே வானம் தரை வரைக்கும் இறங்கியிருக்கிறது. நீங்கள் இறங்க வேண்டிய இடம் பத்து நிமிடம் முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. தவறவிட வாய்ப்பில்லை என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

பால்காரர் பாண்டி கறவைக்குத் தயாராக இருந்தார். தொழுவத்தின் ஓரத்தில் இரண்டு சாக்கு காலிஃபிளவர் இலை. கீதா விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது.

"ஒரு நாள் தண்ணி விட்டிருப்பேனா, சொல்லுங்க. எம் பால்ல வாடைன்னு பத்து வருசத்துல மொத ஆளு நீங்கதான்" என்றார்.

"பாலில் நீங்கள் எதையும் சேர்க்கவில்லை. இலைதான்" என்றேன்.

பாண்டி கறவைச் செம்பைக் கீழே வைத்தார். பிறகு உள்ளே போய்த் தன் மனைவியிடம் ஏதோ சொன்னார். இரண்டு மாட்டையும் கறந்தார். அடுத்த வீட்டு அண்ணன் தோட்டத்தில் கட்டியிருந்த மாட்டுப் பாலையும் வாங்கி வந்தார். அது புல்லைத் தவிர வேறெதுவும் தின்னாத மாடு. மூன்றையும் காய்ச்சி, ஒரே மாதிரி மூன்று தம்ளர்களில் ஊற்றி, எனக்குத் தெரியாமல் இடம் மாற்றி, வெளியே கொண்டுவந்து வரிசையாக வைத்தார்.

"இப்பச் சொல்லுங்க."

கீதா என் பக்கத்தில் நின்றார். அவரால் இதில் எனக்கு ஒரு உதவியும் செய்ய முடியாது. அவருடைய பதினெட்டு வருடம் இந்த மூன்று தம்ளர்களில் நின்றது. வேலையில் இருந்தபோது பெரிய பெரிய ஆட்களின் முன்னால் ருசி பார்த்திருக்கிறேன். அங்கே ஒரு கோப்பைக்கு ஒரு வாய்தான். முதல் தம்ளரை உறிஞ்சித் துப்பினேன். இரண்டாவது. மூன்றாவது. வாய் கொப்பளித்துவிட்டு மறுபடி முதலாவது.

"நடுவில் இருப்பது தோட்டத்து மாடு. இந்த இரண்டும் இலை தின்றவை. இதில் கடைசித் தம்ளர் மாடு ரொம்ப அதிகம் தின்றிருக்கிறது" என்றேன்.

பாண்டியின் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "செவலதான் அது. மத்தது வாய் வைக்கிறதுக்குள்ள அம்புட்டையும் தின்னுபுடும்" என்றார்.

பாண்டி இலைச் சாக்கைக் காலால் ஒதுக்கித் தள்ளினார். "கறக்கும்போது முன்னால எலையப் போட்டாத்தான் அசையாம நிக்குது. வைக்கோல் கிடைக்கல, அதான் ஒரு மாசமா போட்டேன்" என்றார்.

இலையை விட வேண்டாம் என்று சொன்னேன். கறந்து முடித்த பிறகு கொடுங்கள், அடுத்த கறவைக்குள் அந்த வாடை போய்விடும், கறக்கும் நேரத்தில் தவிடு மட்டும் வையுங்கள். தேயிலைத் தோட்டத்தில் மாடு வளர்க்கிற எல்லாரும் செய்வது அதுதான். அவர் தலையாட்டினார். அன்று சாயங்காலப் பாலைக் கடைக்கு எடுத்துவரவும் இல்லை.

ஐந்தாம் நாள் காலை நானும் செல்வராஜும் ஐந்தரைக்கே போய் நின்றோம். அவன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நடிகனைப்போல நின்றான். பாண்டியின் பால் வந்தது. காய்ந்தது. கீதா என்னைக் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் சொல்லவில்லை. எதிர்க்கடையை நோக்கி நடந்துகொண்டிருந்த வாத்தியாரைப் பார்த்து, "சார், ஒரு நிமிசம் இங்க வாங்க" என்று கூப்பிட்டார்.

வாத்தியார் சங்கடத்தோடு வந்தார். கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். மோகன்ராம் சௌராஷ்டிரத்தில் அவசரமாக ஏதோ சொன்னார். கீதா அவருக்குத் தமிழில் பதில் சொன்னார், எல்லாருக்கும் கேட்கும்படி.

"இல்ல, தெரியட்டும்." பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "எனக்கு எட்டு மாசமா வாசனை தெரியாது. காய்ச்சல்ல போயிருச்சு. ஒரு மாசமா பால்ல வாடை இருந்திருக்கு. எனக்குத் தெரியல. நீங்க யாரும் என்ட்ட சொல்லல, பாதி குடிச்சிட்டு வச்சிட்டுப் போனீங்க. பால இப்பச் சரி பண்ணியாச்சு. இனிமே குறை இருந்தா நின்னு சொல்லிட்டுப் போங்க. அம்புட்டுதான்."

கீதா காப்பியை ஆற்றி வாத்தியாரிடம் நீட்டினார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வாத்தியார் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். "வாடை இல்ல" என்றார். "ஆனா சக்கரை தூக்கலா இருக்கு."

"நீங்க எப்பவும் கேக்குற அளவுதான் சார்."

"அப்ப இத்தன நாளா கூடத்தான் கேட்டுருக்கேன். நாளையிலருந்து கொறைங்க."

அதன் பிறகு ஒவ்வொருவருக்கும் வாய் திறந்தது. ஆபீசுக்குப் போகிற ஒருவர் தம்ளரில் சோப்பு வாசம் வருவதாகச் சொன்னார். பார்சல் வாங்க வந்த அம்மா, வீட்டுக்குப் போகுமுன் ஆறிவிடுகிறது, கொஞ்சம் கூடுதல் சூட்டில் வேண்டும் என்றார். ஒருவர் பேப்பர் படிக்க விளக்கு போதவில்லை என்றார். மோகன்ராம் கல்லாவிலிருந்து எழுந்தார். பாக்கைத் துப்பினார். வாய் கொப்பளித்தார். மனைவி போட்ட காப்பியை முழுசாகக் குடித்தார். அப்புறம் தம்ளர்களை எல்லாம் வாரிக்கொண்டு போய் இரண்டாம் தடவை நல்ல தண்ணீரில் அலசினார். அலசிக்கொண்டே போனை எடுத்து, மாஸ்டர் வர வேண்டாம் என்று யாரிடமோ தமிழில் சொன்னார்.

ஆறாம் நாள் நாங்கள் ஊருக்குக் கிளம்ப வேண்டும். கடை திறக்கும் நேரம். நானும் செல்வராஜும் பைகளோடு சொல்லிக்கொள்ளப் போனோம். வாசலில் நாலு பேர் காத்திருந்தார்கள். இன்னும் யாருக்கும் காப்பி வரவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன். கணக்கு வாத்தியார், இஸ்திரி போட்ட சட்டையோடு, பள்ளிப்பையைத் தோளில் மாட்டியபடி அடுப்பின் பக்கத்தில் நின்று அன்றைய முதல் தம்ளரைக் குடித்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு, பரீட்சைத் தாள் திருத்துகிறவரின் நிதானத்தோடு, ஒவ்வொரு வாயாக. கீதா கரண்டியைக் கையில் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாத்தியார் தம்ளரைக் கீழே வைத்தார்.

"ஊத்தலாம்" என்றார்.